யார் கைவிட்ட தங்கம்?

'கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம்' என்று ஒரு சொற்றொடர் புழக்கத்தில் இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர், தேவாலா பக்கத்து மலைகளில் உள்ள பழைய சுரங்கக் குழிகளைப் பற்றி யார் எழுதினாலும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். வெள்ளைக்காரன் வந்தான், மலையைக் குடைந்தான், தங்கம் கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான் கதை. ஆரம்பம் முதல் கடைசிவரை வெள்ளைக்காரன்தான் எழுவாய். தமிழ் இலக்கணம் படித்தவன் என்கிற முறையில் எனக்கு இந்தச் செயப்பாட்டு வினைமேல் சந்தேகம். கைவிட்டவர் யார்? கைவிடப்பட்டது எது? குழி மட்டுந்தானா? குழி தோண்டிய ஆள் எங்கே போனான்?

நான் காடாம்புலியூர்க்காரன். பண்ருட்டிப் பக்கம். செம்மண், பலா, முந்திரி. மலை என்று சொல்ல ஒரு மேடுகூட இல்லாத ஊர். இவனுக்கு எதுக்கு நீலகிரித் தங்கம் என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, அதிலிருந்துதான் நிலக்கரி தெரியவந்தது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதை உண்டு. அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. இருக்கட்டும். அந்தக் கிணற்றில் கூலிக்கு வேலை செய்தவர்கள், அந்தக் கறுப்பை முதலில் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று எந்தப் புத்தகமும் கேட்டதில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரன் கண்டுபிடிப்பாளன் ஆகிறான், மண்ணுக்குள் இறங்கியவன் 'ஆள்' ஆகிறான். இந்தக் கணக்கைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவனுக்குப் பந்தலூர் ஒன்றும் தூரமில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் கூடலூர் பக்கம் பணியர் பழங்குடி மக்களின் நிலப் பிரச்சினை குறித்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து, தேயிலைக்கு நடுவே ஒரு சரிவில் இருந்த பழைய குழியைக் காட்டினார்கள். வாய் முழுக்கப் புதர். வெளியே கொட்டிக் கிடந்த கல்லில் ஒன்றை எடுத்துப் பார்த்தால், வெள்ளையாக, மங்கின கண்ணாடி மாதிரி. எங்க ஊர்ப் பக்கம் இதை வெங்கச்சங்கல் என்போம். இருட்டில் இரண்டு கல்லை உரசினால் வெளிச்சம் மினுங்கும், பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பூமிக்குள் மிக ஆழத்தில் சூடான கனிம நீர் பாறை வெடிப்புகளில் ஏறி, ஆறி, இந்த வெள்ளைக் கல்லாக உறைகிறது. அந்த நீரில் கரைந்து வந்த தங்கமும் சில இடங்களில் கூடவே படிகிறது. மழையும் வெயிலும் பல்லாயிரம் ஆண்டு அரித்தால் கல் உடைந்து, தங்கம் பொடியாக ஓடை மணலில் இறங்கும். இவ்வளவுதான் தங்க ரேகையின் ரகசியம்.

இந்த ரகசியம் வயநாட்டில் முதலில் யாருக்குத் தெரியும்? இங்கேதான் ஆவணமே நமக்குச் சாட்சி சொல்கிறது. 1831இல் மலபார் கலெக்டராக இருந்த ஷெஃபீல்டு, தன் மாவட்டத்தில் ஓடை மணலை அலசித் தங்கம் எடுக்கும் வழக்கத்தைப் பற்றி அரசுக்கு எழுதினார். நிக்கல்சன் என்கிற ராணுவ அதிகாரியை அனுப்பி ஆராயச் சொன்னார்கள். அவர்கள் போய்ப் பார்த்தது என்ன? பணியரும் குறும்பரும் மரத்தட்டில் மணலை அள்ளி, தண்ணீரில் சுழற்றி, கனமான பொடியை அடியில் தங்கவிட்டு எடுத்துக்கொண்டிருந்ததைத்தான். பின்னால் வந்த புவியியல்காரர்கள், வெங்கச்சங்கல் ரேகையைப் பின்பற்றி மலையிலேயே வெட்டியிருந்த பழைய குழிகளையும் பார்த்தார்கள். ஆக, கண்டுபிடிக்க வந்தவர்கள் கண்டுபிடித்தது ஏற்கெனவே கண்டுபிடித்திருந்த மக்களை.

அந்த மக்களின் நிலை என்ன? பணியர்கள் மண்ணோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். வயநாட்டின் வள்ளியூர்க்காவு கோயில் திருவிழாவில் ஜன்மிமார்கள் அவர்களை ஆண்டுக் குத்தகைக்குப் பேரம் பேசிய வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. 1843இல் அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கில அரசு அறிவித்த பிறகும் மாறவில்லை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் 133 வருஷம். தங்கத்தை மண்ணிலிருந்து பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் உடம்பை எஜமானனிடமிருந்து பிரித்துக்கொள்ள வழியில்லை. அலசி எடுத்த பொடி யார் மடிக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு 40 வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காப்பித் தோட்டக்காரர்கள் வந்து காட்டை வெட்டினார்கள். 1860களில் ஆஸ்திரேலியத் தங்க வயல்களைப் பார்த்த ஆட்கள் சிலர் வயநாட்டு வெள்ளைக் கல்லைப் பார்த்து நின்றார்கள். 1874இல் ஆல்ஃபா என்கிற கம்பெனி தேவாலா பக்கம் வேலையைத் தொடங்கியது. இந்திய புவியியல் துறையைச் சேர்ந்த கிங் 1875இல் வந்து பார்த்தார். அந்த நேரத்தில் காப்பித் தோட்டங்கள் துளைப்பான் பூச்சியாலும் இலைநோயாலும் நொடித்துக்கொண்டிருந்தன. கடனில் மூழ்கிய துரைமார்களுக்குத் தங்கம் என்ற சொல்லே மருந்தாக இருந்தது.

அப்போது அரசு வரவழைத்த நிபுணர் ராபர்ட் பிரௌ ஸ்மித். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். இன்னொரு விஷயமும் உண்டு. 1878இல் விக்டோரியாவின் ஆதிக்குடிகளைப் பற்றி இரண்டு தொகுதிகளில் ஒரு பெரிய நூலைத் தொகுத்து வெளியிட்டவர் இவரேதான். 1851இல் தொடங்கிய தங்க வேட்டையில் தங்கள் மண்ணை இழந்த அந்த மக்களின் சொற்களையும் பழக்கங்களையும் எழுதி முடித்துவிட்டு, அதே கையோடு பணியர் மலைக்கு வந்தார். தங்கம் தோண்டுவதும், தோண்டிய இடத்து மக்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதும் காலனியத்துக்கு எதிரெதிர் வேலைகள் அல்ல என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1880இல் வெளிவந்த அவர் அறிக்கை ஆசையைக் கிளப்பிவிட்டது. லண்டனில் வயநாட்டுத் தங்கக் கம்பெனிகள் முளைத்தன. இங்கிலாந்திலும் இந்தியாவிலுமாக 40க்கு மேற்பட்ட கம்பெனிகள், காகிதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு மூலதனம். பந்தலூர் ஒரே மூச்சில் நகரமானது. தபால் ஆபீஸ், தந்தி, ஓட்டல், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் வந்தன. 1877இல்தான் இந்தப் பகுதியை மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்திருந்தார்கள். ஓரிரண்டு வருஷத்தில் எல்லாம் முடிந்தது. 1882, 83 வாக்கில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. கப்பலில் வந்து, மலையேறி வந்த இயந்திரங்களில் சில பூட்டப்படாமலே துருப்பிடித்தன.

ஏன் கவிழ்ந்தன? மேல்மட்டத்தில், மழை அரித்த கல்லில் தங்கம் உதிரியாகக் கிடைத்தது. கீழே போகப்போக அது கந்தகக் கலப்புள்ள கனிமத்துக்குள் பொதிந்திருந்தது. கல்லை இடித்துத் தூளாக்கிப் பாதரசத்தில் பிடிக்கிற அன்றைய முறை அதை முழுசாகப் பிடிக்கவில்லை. சயனைடு முறைக்கு 1887இல்தான் காப்புரிமை பெற்றார்கள். ஒரு டன் கல்லுக்குச் சில பென்னிவெயிட் கிடைத்தது. ஒரு பென்னிவெயிட் ஒன்றரை கிராம். ஆயிரம் கிலோ கல்லை உடைத்தால் ஒரு பவுன் தேறுவதே பெரும்பாடு. 1901இல் ஹேடன், ஹாட்ச் என்ற இரண்டு புவியியலாளர்கள் மறுபடி ஆய்ந்து எழுதிய அறிக்கையும் நம்பிக்கை தரவில்லை. ஆனால் கல்லை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. மூலதனத்தில் பெரும்பங்கு சுரங்கத்துக்குப் போகவே இல்லை. நொடித்த காப்பித் தோட்டத்தைத் 'தங்க பூமி' என்று பெயர் மாற்றிப் பல மடங்கு விலைக்கு விற்ற பழைய சொந்தக்காரர்கள் பைக்குப் போனது. தங்கம் எடுத்தவர்கள் இவர்கள்தான். மண்வெட்டியே தொடாமல் எடுத்தார்கள்.

இனி ஆளுக்கு வருவோம். மலையைக் குடைந்த கை யாருடையது? கம்பெனி அறிக்கைகளில் 'கூலிகள்' என்று ஒரே சொல். 1876-78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்று தீர்த்து இரண்டு மூன்று வருஷமே ஆகியிருந்தது. சேரிகளில்தான் சாவு அதிகம் விழுந்தது. மிச்சமிருந்தவர்கள் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கள் தென்னாற்காட்டுச் சனம் பெரும்பகுதி கப்பலேறியது. மற்றவர்கள் மலையேறினார்கள். முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டு ஓடினால் அவனைச் சிறையில் தள்ள 1859இன் 13ஆம் சட்டம் இருந்தது. கம்பெனி ஒப்பந்தத்தை முறித்தால் திவால், கூலி முறித்தால் ஜெயில். பங்குதாரர்கள் பணத்தை இழந்தார்கள் என்று கெஜட்டியர் அனுதாபத்தோடு எழுதுகிறது. கம்பெனி கவிழ்ந்த அன்றைக்குக் காய்ச்சல் மலையில் கூலிப் பாக்கியோடு நின்றவனுக்காக ஒரு வரி கிடையாது. கைவிடப்பட்டது என்ற சொல் யாருக்குப் பொருந்துமோ அவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை.

வயநாட்டில் தோற்ற அதே பண ஆசை கோலாரில் ஜெயித்தது. 1873இல் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் கோலாரில் தேட உரிமை வாங்கினார். 1880இல் மைசூர் கம்பெனி தொடங்கியது. அதுவும் மூழ்கப்போகிற நேரத்தில், 1883இல் பிளம்மர் பழங்காலக் குழிகளுக்கு அடியில் தோண்டிப் பார்க்க, பெரிய ரேகை அகப்பட்டது. கவனிக்க வேண்டியது, அங்கேயும் 'பழைய குழி'தான் வழிகாட்டி. பேரில்லாதவன் தோண்டின குழிக்குள் இறங்கித்தான் பேருள்ளவன் கண்டுபிடிப்பாளன் ஆனான்.

கோலார் வயலை நிரப்பியவர்கள் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள். பெரும்பாலும் பறையர்கள். ஊரில் பண்ணையாள், இங்கே சுரங்கத் தொழிலாளி. 3,000 மீட்டருக்கும் கீழே, பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் வேலை. பாறை வெடித்துச் சிதறிச் செத்தார்கள். வெங்கச்சங்கல் தூசு நுரையீரலில் படிந்து இருமி இருமிச் செத்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, சுரங்க இயந்திரங்களுக்காக. துரைமார் பங்களாக்களைப் பார்த்து அந்த ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள். ஆள்கள் இருந்தது தட்டிக் குடிசையில்.

1930ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கோலாரில் தொழிலாளர்களிடம் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் ஏற்பாட்டை நிர்வாகம் கொண்டுவந்தது. திருடனிடம் எடுப்பதுபோல் எங்களிடம் எடுக்கிறாயா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே 1930, டிசம்பர் மாதம். ராமநாதபுரம் சீமையில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். முதல் தடையே தங்க, வெள்ளி நகை அணியக்கூடாது என்பதுதான். மேல்சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். கொஞ்சம் முன்னால் 1915இல், கொல்லம் பக்கத்துப் பெரிநாட்டில், உலோக நகை மறுக்கப்பட்ட புலையர் பெண்கள் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்து எறிந்தார்கள். அய்யன்காளி காலத்துப் போராட்டம் அது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூமிக்கு அடியில் தங்கத்தைத் தோண்டிக் கொடுப்பவனும் நாமே, பூமிக்கு மேலே அதே தங்கத்தைக் கழுத்தில் போட்டால் வெட்டுப்படுபவனும் நாமே. தங்கத்துக்கு இந்த நாட்டில் விலை மட்டுமல்ல, சாதியும் இருக்கிறது. எங்க ஆயா சொல்லும்: "நம்ம தெருவுல தங்கத்த விட அடகு ரசீதுதான்டா அதிகம்." கல்யாணத்துக்கு மஞ்சள் கயிறு, அதில் குந்துமணித் தங்கம், அதுவும் ஆடி மாசத்துக்குள் சேட்டுக் கடைக்கு. பொருளாதாரம் படித்தவர்கள் இதை வறுமை என்பார்கள். ராமநாதபுரத்து எட்டுத் தடைகளைப் படித்தவன் வெறும் வறுமை என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஆனால் அழுகையோடு முடிக்கிற வரலாறு நமக்கு வேண்டாம். கோலார்க்காரர்கள் வேறொன்றும் தோண்டி எடுத்தார்கள். நீலகிரியில் வாழ்ந்து, 1891இல் அங்கே திராவிட மகாஜன சபையைக் கூட்டிய அயோத்திதாசப் பண்டிதர் பின்னால் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அவருடைய சங்கம் வேர் பிடித்த இடங்களில் முக்கியமானவை கோலார் வயலின் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃப்ஸும். சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டு வந்த மனிதர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு சேர்த்து விகாரை கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், பண்டிதரின் எழுத்துகளை அச்சிட்டார்கள். 1914இல் அவர் மறைந்தார். பத்திரிகை நின்றுபோய், 1926இல் கோலார் வயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராகி மறுபடி வந்தது. தமிழில் எம்.ஏ. படித்தபோது எனக்கு ஒரு தாளில்கூட இந்தப் பெயர்கள் வரவில்லை. நவீனத் தமிழ் உரைநடையின் ஒரு கிளை தங்கச் சுரங்கத் தொழிலாளியின் சம்பளத்தில் வளர்ந்தது என்பதைப் பாடத்திட்டம் போட்டவர்கள் சொல்லவில்லை. டன் கணக்கான கல்லிலிருந்து துளித் தங்கம் எடுக்கத் தெரிந்த மக்கள், அரைப்பட்டினிக் கூலியிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார்கள். இந்தத் தங்கத்தை லண்டன் பங்குச் சந்தை எடைபோட்டதில்லை.

2001 பிப்ரவரி 28இல் கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டது. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போயிருந்தது. மறுபடி அதே சொல்: கைவிடப்பட்ட சுரங்கம். கைவிடப்பட்டவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய சயனைடு மண், குன்றுகளாக அவர்கள் வீட்டுப் பின்னால் நிற்கிறது. காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது.

பந்தலூரிலும் கதை 1883இல் முடியவில்லை. தங்கம் போன மலையில் தேயிலை வந்தது. நிலம்பூர் கோவிலகத்தின் ஜன்ம நிலங்களைக் குடிகள் பெறுவதற்கென்று 1969இல் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. எஸ்டேட்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், நிலம் பல பத்தாண்டுகள் கோர்ட்டிலேயே கிடந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களை 1968 முதல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். பஞ்சத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கூலி வேலைக்கு அதே மாகாணத்து மலைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்கள் வருவதற்கும் ஆயிரம் வருஷம் முன்னிருந்து அங்கே இருக்கிற பணியர்களுக்கு இன்னும் பட்டா ஒரு போராட்டம். சொந்த மலையில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்.

குழிகளுக்குள்ளும் ஆள் இருக்கிறது. வேலையில்லாத பையன்கள் ராத்திரியில் அந்தப் பழைய பொந்துகளுக்குள் இறங்கி, கல்லை உடைத்து, பாதரசத்தைக் கையாலேயே பிசைந்து பொடித் தங்கம் எடுக்கிறார்கள். மூச்சுத் திணறியும் மண் சரிந்தும் செத்த செய்திகள் பேப்பரில் மூலையில் வரும், 'சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டியவர் பலி' என்று. பல லட்சம் பவுண்டு பங்கை விற்று ஊரை ஏமாற்றியவன் முதலீட்டாளன். அவன் விட்டுப்போன குழியில் அரைகிராமுக்கு உயிரை விடுகிறவன் திருடன்.

அதனால் நண்பர்களே, குறிப்பாக ஆய்வு செய்கிற மாணவர்களே, ஒரு வேலை இருக்கிறது. கம்பெனி வரலாறு எழுதியாகிவிட்டது, கெஜட்டியர்களும் புவியியல் அறிக்கைகளும் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படியுங்கள். 'கூலி', 'பழைய குழி', 'உள்ளூர்க்காரர்' என்று வருகிற இடமெல்லாம் அடிக்கோடிடுங்கள். அப்புறம் அந்த அடிக்கோட்டைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போங்கள். பணியர்க் குடியிருப்புகளில் மணல் அலசிய பாட்டிமார்களின் பேச்சு இருக்கிறது. கோலாரின் லைன் வீடுகளில் பெட்டிக்கு அடியில் பழைய 'தமிழன்' இதழ்கள் இருக்கலாம், விகாரைச் சந்தா ரசீதுகள் இருக்கலாம், தூசு நோயில் செத்தவர்களின் சுரங்க அடையாள வில்லை இருக்கலாம். வயசானவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எழுதுகிறபோது செயப்பாட்டு வினையில் எழுதாதீர்கள். யார் தோண்டினார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள், யார் யாரைக் கைவிட்டார்கள் என்று எழுவாயோடு எழுதுங்கள்.